மணிமேகலை ஏன் கப்பல் ஏறவில்லை?

திண்டுக்கல்லில் கடல் இல்லை. மலைக்கோட்டை மேல் ஏறி நின்றாலும் சிறுமலையும் மானாவாரிக் காடுகளும்தான் தெரியும். இந்த ஊர் வகுப்பறையில் மணிமேகலை நடத்திக்கொண்டிருந்தபோது ஒருத்தி கேட்டாள்: "மேடம், மணிபல்லவத்துக்கு ஆம்பளைங்க எல்லாம் கப்பல்ல வர்றாங்க. இவ மட்டும் ஏன் பறந்து வர்றா?"

பௌத்தக் கதை மரபு, தெய்வத்தின் அருள் என்று வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரதியைப் பிரித்ததும் அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

ஆபுத்திரனைப் பாருங்கள். சாவக நாட்டுப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டு, அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தோடு கப்பல் ஏறுகிறான். காற்று மிஞ்சிப்போகிறது, பாயை இறக்கி ஒரு நாள் மணிபல்லவத்தில் தங்குகிறார்கள். அவன் கரையிறங்குகிறான். ஏறிவிட்டான் என்று எண்ணி இரவோடு இரவாகக் கப்பல் போய்விடுகிறது. ஊரையே ஊட்டும் பாத்திரம் கையில். உண்ண ஓர் ஆள் இல்லை. கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறான். தமிழில் கரையில் தங்கிப்போன ஒருவனைப் பற்றி இதைவிடக் கொடுமையான கதையை நான் படித்ததில்லை. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்குப் பின்னால் வருவது. அவனை விட்டுவிட்டோம் என்று தெரிந்ததும் ஒன்பது வணிகர்கள் தேடித் திரும்பி வருகிறார்கள். அவன் இறந்ததை அறிந்து அங்கேயே அவர்களும் உயிர்விடுகிறார்கள். கப்பல் என்பது மரமும் பாயும் மட்டுமல்ல, நம்மைத் தேடி வரும் ஆட்களும்தான்.

பெண்களுக்கு அந்தக் கூட்டம் வாய்க்கவில்லை. கணிகையிடமும் சூதிலும் பொருளைத் தொலைத்த சாதுவன் கப்பல் ஏறுகிறான், கப்பல் உடைகிறது, முறிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் ஒதுங்குகிறான். அவர்கள் மொழி தெரிந்ததால் பிழைத்து, அறம் பேசி, சந்திரதத்தன் கப்பலில் பொருளோடு திரும்புகிறான். அவனுக்கு அது அனுபவம். அதே நாட்களில் ஊரில் ஆதிரைக்குத் தீ மூட்டுகிறார்கள். பீலிவளையோ தன் குழந்தையைக் கம்பளச்செட்டியின் கப்பலில் ஏற்றி அனுப்புகிறாள், தாய் ஏறவில்லை.

கடற்பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கிறது. உரைகாரர்கள் பொருளில் வேறுபட்டாலும் விதி நின்றது. சாத்தனார் அந்த விதியை உடைக்கவில்லை, அதன் மேலாகப் பறக்க வைத்தார் என்பது என் வாசிப்பு. முதல் முறை மணிமேகலை தூக்கத்தில் தூக்கிச் செல்லப்படுகிறாள்; ஏழாம் நாள் திரும்புவாள் என்று தெய்வம் சுதமதியிடம் முன்கூட்டியே தவணை சொல்லிவிடுகிறது. பிறகு மந்திரம் கிடைத்து அவளே பறக்கிறாள். சாவக மன்னன் கப்பலில் வருகிறான், இவள் வானில் முந்திவந்து நிற்கிறாள். உதயகுமரனிடமிருந்து தப்ப அந்த வானம் தேவைதான். அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் பறப்பவளுக்குத் துறைமுகம் இல்லை, காற்றுக்காகக் காத்திருத்தல் இல்லை, உடன் வந்தவர் இல்லை. அவள் தாமதமானால் தேடிவர ஒன்பது பேர் யார்?

2017 செப்டம்பர் 10 அன்று வர்திகா ஜோஷி தலைமையில் கடற்படைப் பெண் அதிகாரிகள் ஆறு பேர் கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். திரும்பும் வழியில் திசைதிருப்பும் கருவி பழுதாகி, திட்டத்தில் இல்லாத மொரீஷியஸில் ஒதுங்கினார்கள். 2018 மே 21 அன்று ஊர் சேர்ந்தார்கள். அதே படகில் 2024 அக்டோபரில் புதுச்சேரியின் ரூபா, தில்னாவோடு கிளம்பி அடுத்த மே மாதம் முடித்தார். சாதனை என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த மொரீஷியஸ் நாட்கள்தான் பிடித்திருக்கின்றன: ஒரு தீவுக்கரையில், படகு சரியாகும் வரை, ஆறு பெண்கள் சேர்ந்து காத்திருந்தது.

கேள்வி கேட்டவள் நத்தம் பக்கத்துக்காரி. பேருந்து அரை மணி தாமதமானால் வீட்டிலிருந்து மூன்று அழைப்பு வரும்; "யாரோட நிக்கிற?" என்பதுதான் முதல் கேள்வி. இந்தப் பருவ வினாத்தாளில் ஆதிரையின் கற்புத்திறத்தை எடுத்துவிட்டு, அந்த ஒன்பது வணிகரைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.