‘இடா’: வெற்றிடமும் வார்த்தைப்பாடும்

சிறந்த பிறமொழித் திரைப்படத்திற்கான ஆஸ்கார் விருதை 2015இல் பெற்ற ‘இடா’ (2013), அவ்விருதை வென்ற முதல் போலந்துப் படமாகும். இயக்குநர் பாவெல் பாவ்லிகோவ்ஸ்கி. கறுப்பு வெள்ளையில், ஏறத்தாழச் சதுரமான பழைய திரைவடிவில் அமைந்த இதன் காட்சியழகைப் பாராட்டாதார் அரியர். அவ்வழகு வெறும் அணியா, கதைப்பொருளின் கூறா என்பதே நாம் ஈண்டு ஆராய முற்படும் வினா.

கதை 1962இல் நிகழ்கிறது. கன்னியர் மடத்தில் வளர்ந்த அன்னா, துறவற வார்த்தைப்பாட்டிற்கு முன், தன் ஒரே உறவான வாண்டாவைச் சந்திக்கிறாள். தான் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவள் என்பதையும் தன் பெயர் இடா என்பதையும் அப்போதே அறிகிறாள். தாயின் உடன்பிறந்தாளான வாண்டா, ஸ்டாலினிய ஆட்சியில் பலருக்கு மரண தண்டனை பெற்றுத்தந்த அரசு வழக்குரைஞர். போர்க்காலத்தில் கொல்லப்பட்டோரின் புதைகுழியை இருவரும் தேடிச் செல்கின்றனர். அடைக்கலம் தந்த குடும்பத்தைச் சேர்ந்தவனே கொலையாளி என்பது தெரியவருகிறது. கொல்லப்பட்டோருள் வாண்டாவின் சிறுவயது மகனும் ஒருவன்.

மாந்தர் முகங்கள் பெரும்பாலும் சட்டகத்தின் அடியில் ஒதுங்க, மேலே வெற்றிடம் விரிகிறது. அதனை இறைவனுக்குரிய இடமாகக் கொள்வாரும் உளர். அக்கருத்து முழுமையன்று என்பது நம் துணிபு. இறைநம்பிக்கையற்ற வாண்டாவின் தலைக்கு மேலும் அதே வெற்றிடம் நிலவுகிறதன்றோ? எனவே, அது இறைவனுக்கு மட்டுமன்றி, இல்லாமற் போனோருக்கும் உரிய இடம் எனலாம். நம்பிக்கையும் குடும்ப மறைபொருளும் ஒரே வெளியில் சந்திக்கின்றன.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பை விளக்கும் குறிப்பொன்றைப் படத்தில் சேர்க்குமாறு 2015இல் போலந்தில் மனு எழுந்தது. வாண்டாவின் பாத்திரம் ‘யூதரே பொதுவுடைமைக் கொடுமையாளர்’ என்னும் பழிக்கு இடந்தருகிறது என்றும் சிலர் குறைகூறினர். பின்னது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், மகனின் எலும்புகளைத் துணியில் ஏந்தி நிற்கும் அத்தாயை ஒரு வார்ப்புருவாக மட்டும் காண நம்மால் இயலவில்லை.

உலகின்பத்தை அறியாதவளின் துறவு எவ்வாறு தியாகமாகும் என வாண்டா ஒருமுறை வினவுகிறாள். அவள் தற்கொலை செய்துகொண்டபின், இடா அவளது உடையை அணிகிறாள். மதுவையும் இசைக்கலைஞன் ஒருவனின் காதலையும் அறிகிறாள். திருமணம், பிள்ளைகள் என அவன் விரிக்கும் எதிர்காலத்தைக் கேட்டு, ‘பிறகு?’ என்கிறாள். விடியலில் துறவாடை உடுத்திப் புறப்படுகிறாள். படம் நெடுகப் பெரும்பாலும் அசையாதிருந்த ஒளிப்படக்கருவி, இறுதியில் அவளுடன் குலுங்கி நகர்கிறது.

அவள் வார்த்தைப்பாடு எடுத்தாளா என்பதைப் படம் காட்டவில்லை. தொடக்கத்தில் அவளுக்கு மடம் வளர்ந்த இடம். இறுதியில், அனைத்தும் அறிந்தபின் அவளே தெரிவுசெய்யும் திசை. அவ்வேறுபாட்டை உரையாடலின்றிக் காட்சியே உணர்த்துவதால், இப்படத்தின் அழகு பொருளைத் தாங்கும் அழகே என நாம் முடிவுசெய்யலாம்.