மண்ணுக்கும் ஒரு வெப்பமானி

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் அலசி எடுத்தபின் கொட்டிய மணல்மேட்டில் நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. பக்கத்துப் பால்மரக்காட்டில் அதே வெயிலிலும் மண் குளுமையாக இருக்கும். இளங்கன்றுத் தோட்டமென்றால், நிழல் கூடும்வரை புயூரேரியா கொடி படர்ந்து மண்ணைக் காக்கும்.

இந்த வித்தியாசத்தை அளந்து சொல்லும் மண் வெப்பமானி எனக்கு மிகவும் பிடித்த கருவி. 5, 10, 20, 50, 100 சென்டிமீட்டர் ஆழங்களில் அளப்பது உலக வழக்கம். மேல்மண்ணுக்கு, குமிழுக்குச் சற்று மேலே வளைந்த கண்ணாடித் தண்டு. பிடுங்காமலே அளவைப் படிக்கலாம். ஆழத்துக்கானது இரும்புக் குழாய்க்குள் சங்கிலியில் தொங்கும். வெளியே இழுத்ததும் பாதரசம் ஏறிவிடாதா? அதற்காகத்தான் குமிழைச் சுற்றி மெழுகு. வெளிச்சூடு மெழுகைத் தாண்டி உள்ளே போவதற்குள் அளவைக் குறித்துக்கொள்ளலாம். எவ்வளவு எளிய யோசனை! முதலில் மெழுகு பூசிய அந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

மண்ணே உறையும் நாடுகளில் இன்னோர் அழகு உண்டு. ஸ்வீடன் போன்ற இடங்களில் மெதிலீன் நீலம் கலந்த நீர் நிரம்பிய குழாயை நிலத்தில் இறக்குகிறார்கள். உறைந்த பகுதி நிறமிழந்து வெளுக்கும். மற்றது நீலமாகவே நிற்கும். உருவிப் பார்த்தால் குளிர் எத்தனை ஆழம் இறங்கியது என்று கண்ணுக்கே தெரியும்.

பேராக்கில் அந்தக் குழாய் என்றும் நீலம்தான். ஒரு மீட்டர் ஆழத்தில் ஆண்டு முழுவதும் சூடு பெரிதாக மாறுவதில்லை. இங்கே பார்க்க வேண்டியது மேல்மண்ணை. ரப்பரின் உறிஞ்சுவேர்கள் பெரும்பாலும் அங்கேதான் படர்கின்றன.