நாழிக் கணக்கும் கிரகபேதமும்

ஒன்பதாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கும் சிறுவன், பதினெட்டு, இருபத்தேழு, முப்பத்தாறு என்று வரும்போது பத்தின் ஸ்தானம் ஒவ்வொன்றாய் ஏற, ஒன்றின் ஸ்தானம் ஒவ்வொன்றாய் இறங்கி, இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்பதாகவே நிலைத்து நிற்பதை முதன்முதலாகக் கண்டுகொள்ளுங்கால் அடையும் ஆனந்தம் அற்பமானதன்று. ஆயினும் அவ்வழகு ஒன்பது என்னும் எண்ணுக்கே வாய்த்த பிறவிக் குணம் என்ற மயக்கமும் அந்த ஆனந்தத்தோடு கலந்தே அவன் மனத்தில் குடியேறிவிடுகிறது.

அம்மயக்கம் தெளிய நம்முடைய பழைய முகத்தலளவையே போதும். எட்டு ஆழாக்கு ஒரு நாழி; எட்டு நாழி ஒரு குறுணி. நெல்லை ஏழேழு ஆழாக்காக அளந்து குவித்துக்கொண்டே போனால், இரண்டாம் முறை ஒரு நாழி ஆறு ஆழாக்கு, மூன்றாம் முறை இரண்டு நாழி ஐந்து ஆழாக்கு, நான்காம் முறை மூன்று நாழி நான்கு ஆழாக்கு என்று, நாழி ஏற ஆழாக்கு இறங்கி, இரண்டும் கூடி எப்போதும் ஏழாகவே நின்று, எட்டாம் முறையில் மிச்சமின்றி ஏழு நாழியாக முடியும். எத்தனை சேர்ந்தால் மேல் ஸ்தானத்தில் ஒன்றாகுமோ அந்த எண்ணே கணக்கின் ஆதாரம்; ஆதாரத்துக்கு ஒன்று குறைந்த எண்ணைக் கூட்டுவதென்பது மேல் ஸ்தானத்தில் ஒன்றை ஏற்றிக் கீழ் ஸ்தானத்தில் ஒன்றை இறக்குவதே ஆதலின், பத்தை ஆதாரமாகக் கொண்ட கணக்கில் ஒன்பதுக்கு உள்ள பெருமை, எட்டை ஆதாரமாகக் கொண்டதில் ஏழுக்கும், பன்னிரண்டை ஆதாரமாகக் கொண்டதில் பதினொன்றுக்கும் வந்து சேருகிறது. பெருமையெல்லாம் அமர்ந்த ஆசனத்தைச் சார்ந்தது.

ஆசனம் மாறினும் மாறாத அழகும் உண்டு. ஒன்று, இரண்டு, ஒன்று என மூன்று இலக்கங்களை வரிசையாக எழுதுவோம். பத்தின் ஆதாரத்தில் அது பதினொன்றின் வர்க்கம். எட்டின் ஆதாரத்தில் அவ்விலக்கங்களே 81 ஆகி ஒன்பதின் வர்க்கமாகும். பன்னிரண்டின் ஆதாரத்தில் 169 ஆகிப் பதின்மூன்றின் வர்க்கமாகும். மூன்றும் அதற்கு மேற்பட்டதுமான எந்த ஆதாரத்திலும், ஆதாரத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணின் வர்க்கமாகவே அது விளங்கும். பாடுகிறவர் தம் குரலுக்கேற்பச் சுருதியை ஏற்றினும் இறக்கினும் மோஹன ராகம் மோஹனமாகவே ஒலிப்பதைப் போன்றது இது.

இதன் மறுபக்கமோ இன்னும் ரசிக்கத்தக்கது. ஸ்வரங்களை அசைக்காமல் ஷட்ஜத்தை மட்டும் இடம் பெயர்த்து, மோஹனத்தினின்றே மத்யமாவதியையும் ஹிந்தோளத்தையும் வித்வான் தோற்றுவிக்கும் கிரகபேதத்தைப் போல, ஓர் எண்ணை அசையாமல் நிறுத்தி ஆதாரத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். 1729 என்னும் எண்ணையே எடுத்துக்கொள்வோம். நோய்ப்படுக்கையில் இருந்த கணித மேதை ராமானுஜன், தம்மைக் காண வந்த கணித அறிஞர் ஹார்டி 1729 சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றபோது, இரண்டு நேர் முழு எண்களின் கனங்களைக் கூட்டி இருவகையில் பெறத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்று மறுமொழி கூறினார். நாம் வழக்கமாக எழுதும் உருவில் அச்சிறப்பின் சாயலைக்கூடக் காணமுடியாது. ஆனால் பன்னிரண்டின் ஆதாரத்தில் எழுதினால் அது 1001 ஆகி, பன்னிரண்டின் கனமும் ஒன்றின் கனமும் இருகோடியிலும் ஏற்றிவைத்த தீபங்களாகத் தெரிகின்றன. ஒன்பதின் ஆதாரத்தில் எழுதினால் 2331. அங்கே ஒன்பதின் கனம் 1000, பத்தின் கனம் 1331, இரண்டும் கூடிய உருவே இது. ஒரே எண், இரு ஷட்ஜங்களில் நின்று, தன் இரண்டு ரகசியங்களையும் வெளியிட்டுவிடுகிறது.

ராமானுஜனுக்கு நினைத்த மாத்திரத்தில் கேட்ட அந்த நாதத்தை, நாம் ஆதாரத்தை மாற்றி மாற்றி எழுதிப் பொறுமையாகப் பழகியே கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டபின், இலக்கங்களையே எண் என்று கருதிய பழைய எண்ணம் மெல்ல நம்மைவிட்டு நீங்குகிறது.