பிரசவத்துக்கு விடுப்பு, அதன் பிறகு?

மீரட்டில் எம்.எட். படித்த மாணவி ஒருவர், தம் 59 நாள் மகப்பேறு விடுப்பை வருகைப்பதிவில் கழித்துக்கொள்ளும்படி கேட்டார். விதியில் இடமில்லை என்றது பல்கலைக்கழகம். 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்து, கோரிக்கையை மீண்டும் பரிசீலிக்கச் சொன்னது. படிப்பா, குழந்தையா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இத்தனைக்கும், மகப்பேறு விடுப்புக்கும் வருகைப்பதிவுச் சலுகைக்கும் விதி வகுக்குமாறு 2021 டிசம்பரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதியிருந்தது. ஆய்வு மாணவிகளுக்கு 240 நாள் விடுப்பும், முனைவர் பட்டத்தை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டுகளும் 2016 விதிமுறைகளிலேயே உண்டு. இவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. நெறியாளரின் மனநிலையைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்ட ஒன்றை, இன்று விதியைக் காட்டிக் கேட்கலாம். விடுப்பைவிட அந்த இரண்டு ஆண்டுகளே பெரிய உதவி. குழந்தை 240 நாளில் வளர்ந்துவிடுவதில்லையே.

ஆனால் இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கான விதியை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் விட்டதால் அளவுகோல் ஊருக்கு ஊர் மாறுகிறது. கேரளத்துக்குள்ளேயே மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 60 நாள் என்றது. கேரளப் பல்கலைக்கழகம் ஆறு மாதம் என்றது.

அடிப்படைக் கோளாறு வேறு. பராமரிப்பு என்றாலே பிரசவம் என்று இந்த விதிகள் எடுத்துக்கொள்கின்றன. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகன், டயாலிசிஸுக்கு அம்மாவை அழைத்துப்போகும் மகள், தம்பி தங்கைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு முதல் வகுப்பைத் தவறவிடும் மூத்தவள் ஆகியோருக்கு இவற்றில் இடமில்லை. பொறியியல் கல்லூரிகளில் 75 சதவீத வருகை வேண்டும். சற்றுக் குறைந்தால் மருத்துவச் சான்றிதழ் கைகொடுக்கும். அதுவும் மாணவரின் சொந்த நோய்க்கு. அம்மாவின் சிகிச்சைக்காக விடுப்பெடுத்த பிள்ளை தனக்குக் காய்ச்சல் என்று எழுதி வாங்கி வரவேண்டிய நிலை. உண்மையைச் சொல்பவருக்கு வழியில்லாத விதி, பொய்யைத்தான் வளர்க்கும்.

இவர்களைக் கணக்கெடுத்தால் போதுமா? இங்கிலாந்து 2023இல் பள்ளிக் கணக்கெடுப்பில், குடும்பத்தினரைப் பராமரிக்கும் மாணவர்களையும் முதல்முறையாகச் சேர்த்தது. பதிவானவர்கள் சுமார் 39,000 பேர். முக்கால்வாசிக்கும் மேற்பட்ட பள்ளிகள் தங்களிடம் அப்படி ஒருவரும் இல்லை என்றன. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 5 முதல் 17 வயதுக்குள் சுமார் 1,20,000 பேரைக் காட்டியது. வீட்டு நிலைமையைப் பள்ளியில் சொல்லப் பிள்ளைகள் தயங்குவார்கள். சொன்னால் என்ன கிடைக்கும் என்று தெரிந்தால்தான் வாய் திறப்பார்கள்.

இத்தகைய மாணவர்களுக்கு விடுப்பைவிட உதவக்கூடியது பகுதிநேரப் படிப்பு. மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு வழி விட்டுள்ளன. அதற்குக் கேட்கப்படுவது, வேலை பார்க்கும் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றிதழ். விதியை எழுதியவர்கள் மனதில் இருந்தவர் சம்பளம் வாங்கும் மாணவர் மட்டுமே. சம்பளமில்லாமல் வீட்டில் முழுநேரம் உழைப்பவர், பகுதிநேரம் படிக்க யாரிடம் அந்தச் சான்றிதழை வாங்குவார் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.