வளன் என்னும் சூசையப்பர்

பேராக் மாநிலத்துப் பத்து காஜாவில் புனித சூசையப்பர் பெயரால் ஓர் ஆலயம் உண்டு. ரப்பர்த் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் சூசை என்பது தலைமுறைதோறும் வழங்கிய பெயர். ஆயினும், அச்சூசையப்பரே தமிழ்ப் பெருங்காப்பியம் ஒன்றின் தலைவர் என்பதை அறிந்தோர் சிலரே. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியே அந்நூல். மூன்று காண்டமும் 36 படலமும் 3,615 பாடலும் கொண்டது. சமய நூல் என்று இதனை ஒதுக்குவோர் நல்லதொரு தமிழ் நூலையே இழக்கின்றனர்.

நூலின் தமிழ்த்திறம் பெயர்களிலேயே விளங்கும். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் பெருக்கத்தைக் குறிப்பது. மக்கள் வழக்கு ஒலியைப் பற்றிச் சூசை என்றது. முனிவரோ பொருளைப் பற்றி வளன் என்றார். திருமுழுக்கு யோவான் கருணையன் ஆனதும் இம்முறையாலேயே. இத்தாலியில் பிறந்து தமிழ் கற்றவர் இவ்வாறு சொல்லாக்கம் செய்தது எண்ணி மகிழத்தக்கது.

புனிதர்களின் விழாவைப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளில் கொண்டாடுவது திருச்சபையின் மரபு. யோவானுக்கோ பிறந்த நாளாகிய ஜூன் 24உம் விழாவாகும். ஆனால் காப்பியத்தில் நெஞ்சை உருக்குவது அவருடைய பிறப்பன்று. கானகத்தில் தாயை இழந்த சிறுவனாய் அவர் புலம்பும் புலம்பலே. அங்கே புனிதர் மறைந்து, தாயற்ற பிள்ளை நிற்கிறான். எச்சமயத்தாரும் கண் கலங்குவர்.

குறையும் உண்டு. பழைய ஏற்பாட்டுக் கிளைக்கதைகள் மிகுந்து, வளன் பல இடங்களில் பின்னே தள்ளப்படுகிறான். கதையோட்டம் தளர்கிறது.

எனினும் முடிவு அக்குறையை ஈடு செய்கிறது. புனிதர் பட்டத்துக்கு வாழ்வையும் புதுமைகளையும் ஆராய்ந்து போப்பாண்டவர் அறிவிக்கும் முறை பிற்காலத்தது. சூசையப்பர் அம்முறைக்கு முன்பே வணங்கப்பட்டவர். மார்ச் 19 அவர் திருநாள். 1870இல் ஒன்பதாம் பயஸ் அவரைத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்தார். 1955இல் பன்னிரண்டாம் பயஸ் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பர் விழாவாக்கினார். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்க் காப்பியம், அரசர்க்குரிய முடிசூட்டுப் படலத்தைத் தச்சுத் தொழிலாளிக்கு அளித்துவிட்டது. தாவீதின் மரபினன் எனினும், வளன் உண்டது கைத்தொழிலின் ஊதியமே.

தோட்டத் தொழிலாளர் வழிவந்த மாணவர்க்கு இதனினும் அணுக்கமான காப்பியத் தலைவன் வேண்டுமோ? ஆசிரியர்கள் கருணையன் புலம்பலில் தொடங்கி, முடிசூட்டுப் படலத்தில் முடிக்கலாம். சமயம் கடந்து தமிழ் அங்கே வரவேற்கும்.