இன்னொரு நெதா

2009 ஜூனில் என் முகநூல் முகப்புப் படத்தை மாற்றினேன். தலைத்துணி அணிந்து லேசாகப் புன்னகைக்கும் ஓர் ஈரானியப் பெண்ணின் படம். தெஹ்ரானில் சுட்டுக் கொல்லப்பட்ட நெதா ஆகா சொல்தான் என்று நினைத்துத்தான் வைத்தேன். ஆனால் படத்தில் இருந்தவர் அவரில்லை. அவர் நெதா சொல்தானி, ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தவர். அப்போது உயிரோடு இருந்தார். இது எனக்குத் தெரியவரவே மூணு வருஷம் ஆச்சு. தன் முகம் திருடப்பட்ட கதையை 2012இல் அவரே புத்தகமாக எழுதிய பிறகு.

அந்த ஜூனில் அகமதிநெஜாத் மீண்டும் அதிபரானதாக அறிவித்தார்கள். தேர்தலில் மோசடி என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 20ஆம் தேதி மாலை, கார்கர் சாலைக்கு அருகே, 26 வயது ஆகா சொல்தானின் மார்பில் குண்டு பாய்ந்தது. அதைக் கைபேசியில் எடுத்த காணொளி ஒரு நிமிடம்கூட ஓடாது. பெயர் தெரியாத அந்தப் பதிவாளருக்கு அமெரிக்காவின் ஜார்ஜ் போல்க் விருது கிடைத்தது.

அந்தக் காணொளியில் எல்லோருக்கும் நினைவிருப்பது அவருடைய கண்கள். எனக்கும் அப்படித்தான். ஆனால் அதில் குரல்களும் இருக்கின்றன. அவர் பெயரைச் சொல்லி, பயப்படாதே என்று ஒருவர் கதறுகிறார். நெதா என்றால் பாரசீகத்தில் குரல், அழைப்பு என்று பொருள். நாம் கேட்கவில்லை, பார்த்தோம். பார்க்க ஒரு நல்ல முகம் வேண்டியிருந்தது. யாரோ பெயரைத் தேடி, முகநூலிலிருந்து கிடைத்த முகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். உலகத் தொலைக்காட்சிகளும் அதையே காட்டின.

ஆகா சொல்தானின் குடும்பத்தார் உண்மையான படங்களை வெளியிட்ட பிறகும் பழைய படம் மறையவில்லை. "அது நான், நான் சாகவில்லை" என்று சொல்தானி சொல்லிப் பார்த்தார். நீ அரசின் ஆள், எங்கள் நெதாவை எங்களிடமிருந்து பறிக்கப் பார்க்கிறாய் என்று திட்டினார்கள். மறுபக்கம் உளவுத்துறை, இதெல்லாம் மேற்குலகின் சதி என்று அவரைச் சொல்லவைக்கப் பார்த்தது. கொன்ற அரசுக்கும் அவர் முகம் தேவைப்பட்டது, அழுத நமக்கும் தேவைப்பட்டது. கடைசியில் நாட்டைவிட்டுத் தப்பி ஜெர்மனியில் தஞ்சம் புகுந்தார்.

"அப்ப பகிராமலே இருந்திருக்கணுமா? அரசு மூடி மறைச்சிருக்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். மறைத்திருக்கும். பள்ளிவாசலில் நினைவுக்கூட்டம் நடத்தக்கூட விடாத அரசு அது. அவரைக் காப்பாற்ற முயன்ற மருத்துவர் ஆரஷ் ஹெஜாஸி, பார்த்ததைச் சொல்வதற்காக நாட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. காணொளி பரவியதால்தான் அந்தச் சாவு சாட்சியில்லாமல் போகவில்லை. என் புகார் பகிர்ந்ததைப் பற்றியல்ல. தவறு என்று தெரிந்த பிறகும் திருத்த மனமில்லாமல் இருந்ததைப் பற்றி. பொய் சொல்லும் அரசை எதிர்ப்பவர்களுக்கு விவரம் சரியாக இருப்பது சின்ன விஷயமில்லை. அது ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கும் ஆயுதம். அதோடு, இறந்தவருக்கு அழும் கண்ணீர் உயிரோடிருக்கும் ஒருத்தியின் வாழ்க்கையைக் கேட்குமென்றால், அது அஞ்சலி இல்லை.

அந்தப் படத்தை நானும் ஒருநாள் நீக்கினேன். உண்மை தெரிந்ததால் அல்ல. வேறொரு நாட்டில் வேறொரு போராட்டம் வந்திருந்தது, வேறொரு முகத்தை வைக்க வேண்டியிருந்தது.