ஐயமும் அளவையும்: கொள்ளைநோய்க் கால வாதங்கள் பற்றியதோர் ஆய்வு

ஐயம் அறிவுக்குப் பகையன்று; அதன் வாயிலே ஆகும். மங்கிய ஒளியிற் கிடப்பது கயிறோ பாம்போ என ஐயுறுவான் விளக்கேந்தி அணுகிப் பார்ப்பான். பாராமலே பாம்பென்று ஓடுபவனும், பாராமலே கயிறென்று கையில் எடுப்பவனும் ஐயமுடையார் அல்லர், துணிந்துவிட்டவர்கள். அளவை நூலார் ஐயக் காட்சியையும் திரிபுக் காட்சியையும் வேறு பிரித்த நுட்பம் ஈண்டு நினைக்கத்தக்கது. 2020 ஆம் ஆண்டு தொடங்கி உலகெங்கும் பரவிய கொவிட்-19 கொள்ளைநோயின்போது முகக்கவசம், தடுப்பூசி முதலியன பற்றி நிகழ்ந்த வாதங்களை நோக்கின், இவ்வேறுபாடு பெரிதும் மறக்கப்பட்டமை புலனாகும். வினாவியோர் யாவரும் மூடரென எள்ளப்பட்டனர். விதித்தோர் யாவரும் வஞ்சகரென இகழப்பட்டனர். 'எவ்வாறு அறிந்தீர்?' என்னும் வினா இரு பாலாரிடத்தும் அருகியே எழுந்தது.

அவ்வினாவுக்கு விடை காணும் முறையைச் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியும் அதன் உரைகளும் தெளிவுற வகுத்துள்ளன. மலையிற் புகை கண்டு ஆங்குத் தீ உண்டெனக் கருதுமிடத்து, மலை பக்கம். தீயும் புகையும் ஒருங்கு காணப்படும் அடுக்களை சபக்கம். இரண்டும் இல்லாத நீர்நிலை விபக்கம். சபக்கத்தை மட்டுங் காட்டி விபக்கத்தை நோக்காதொழியின் கருதலளவை நிரம்பாது. மருந்து பெற்ற கூட்டத்தை அது பெறாத கூட்டத்தோடு ஒப்பிடும் இக்கால ஆராய்ச்சி முறையும் இந்நெறியின் பாற்பட்டதே. நோய்த்தடுப்புப் பற்றிய வாதங்களில் மிகுதியும் விடுபடுவது இவ்விபக்க ஆராய்ச்சியே எனலாம்.

இலங்கையின் மலேரியா வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் எழுந்த மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கும் பணி தொடங்கிற்று. 1946 இல் ஆயிரவர்க்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் ஏறத்தாழ 14 ஆயிற்று. மருந்தே இதனைச் செய்தது எனப் பலரும் முடிபு கட்டினர். பிரெடரிக்சன் என்னும் ஆராய்ச்சியாளர் அம்முடிபை ஐயுற்றார். மலேரியா மிகுந்த பகுதிகளில் மட்டுமன்றி, அஃது அருகிய பகுதிகளிலும் இறப்புக் குறைந்துள்ளதே. உணவு முதலியவற்றின் பெருக்கமும் காரணமாகலாகாதோ என்பது அவர் வாதம். விபக்கத்தைச் சுட்டி நின்றமையின் இஃது உயர்ந்த வினாவாயிற்று. பீற்றர் நியூமன் 1965 இல் வெளியிட்ட நூலில், மலேரியாவின் செறிவையும் இறப்பின் வீழ்ச்சியையும் மாவட்டந்தோறும் ஒப்பிட்டு, போருக்குப் பிந்திய வீழ்ச்சியில் நூற்றுக்கு 42 பங்கு மலேரியா ஒழிப்பால் விளைந்தது எனக் கணித்தார். 1974 இல் றொனால்ட் கிறே அதனை மீளாய்ந்து 23 பங்கென மதிப்பிட்டார். ஐயுற்றாரும் தோற்றிலர், மருந்தும் தோற்றிலது. 'உண்டு', 'இல்லை' என்று நின்ற வழக்கு 'எத்துணை' என்னும் வினாவாய்ப் பண்பட்டது.

பயன் பெற்றபின் எழும் மறுப்பு பிறிதொரு வகையினது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். நோயில்லாதவிடத்து மருந்தெதற்கு என்னும் எண்ணம் தலைதூக்கத் தெளிப்பு நிறுத்தப்பட்டது, விழிப்புந் தளர்ந்தது. 1969 இல் நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. மழை குன்றியமை போன்ற துணைக்காரணங்கள் உளவேனும், காவலின் பயன் காவல் நீங்கியபோதே கண்ணுக்குப் புலப்பட்டது.

கிளிநொச்சிக்குத் தென்மேற்கே அக்கராயனை அடுத்துள்ள ஸ்கந்தபுரம் இவ்வுண்மையை நன்கறிந்த ஊர். 1995, 1996 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து இங்கும் மல்லாவி முதலிய ஊர்களிலும் கொட்டில் அமைத்து வாழ்ந்தோர் வன்னி மலேரியாவின் கடுமையை உடலால் உணர்ந்தனர். 1999 இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். பின்னர் மருந்தூட்டிய நுளம்புவலையும் தெளிப்பும் குருதிப் பரிசோதனையும் இடையறாது நடைபெற்றன. 2012 ஒக்டோபரின் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா காணப்படாமையின், 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. இன்று அவ்வூரில் வளரும் சிறுவர் நுளம்பைக் கண்டு மலேரியாவை நினையார். இந்நினையாமையே தடுப்புப் பணியின் வெற்றி. அதன் இடுக்கணும் அதுவே.

இவ்வளவுகோலைக் கொண்டு கொவிட் கால வாதங்களை நோக்குதல் தகும். 2020 திசம்பரில், கேகாலையில் ஒருவர் ஆக்கிய பாணி மருந்தைத் தெய்வம் அருளியதெனக் கருதி ஆயிரக்கணக்கானோர் திரண்டு பெற்றனர். அன்றைய சுகாதார அமைச்சரும் அதனை அருந்தினார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று ஏற்பட்டது. அறிவியல் சார்பில் வாதிட்டோர் பலர் இதனையே மறுப்பாகக் காட்டி நகைத்தனர். அதுவும் நிரம்பிய மறுப்பன்று. ஒருவர் குணமடைந்தமை மருந்தின் பயனை நிறுவாததுபோல, ஒருவர் நோயுற்றமை பயனின்மையை நிறுவாது. தொற்றுற்றோருட் பெரும்பாலார் எம்மருந்துமின்றியே தேறினர். ஆதலின் அருந்தாதாரோடு ஒப்பிட்டுக் காட்டும்வரை பாணிக்குச் சான்றில்லை என்பதே நேரிய மறுப்பாகும்.

தடுப்பூசிக்கு அவ்வொப்பீடு செய்யப்பட்டது. பைசர் தடுப்பூசி ஆராய்ச்சியில் ஏறத்தாழ 43,000 பேர் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். நோயுற்றோருள் 162 பேர் வெற்றூசி பெற்றவர்கள். 8 பேரே தடுப்பூசி பெற்றவர்கள். பின்னர் வைரசு திரிபடைந்தபோது தொற்றைத் தடுக்கும் ஆற்றல் குறைந்தது. கடுநோயையும் இறப்பையும் தடுக்கும் ஆற்றல் பெரிதும் நிலைத்தது. வங்காளதேசத்தில் ஏறத்தாழ 600 ஊர்களில் முகக்கவசம் பற்றி நிகழ்ந்த ஆராய்ச்சி மற்றொன்று. வழங்கியும் வலியுறுத்தியும் அணிந்தோர் பாதிக்குங் குறைவே. எனினும், சத்திரசிகிச்சை முகக்கவசம் வழங்கிய ஊர்களில் அறிகுறியோடு கூடிய தொற்று நூற்றுக்கு 11 பங்கு குறைந்தது. துணிக்கவசத்தின் பயன் தெளிவாகப் புலப்படவில்லை. 'ஒரு பயனும் இல்லை' என்றாரும் 'அணிந்தால் அச்சமில்லை' என்றாரும் ஒருங்கே பிழைபட்டனர்.

விதிப்போரும் இவ்வளவைக்கு உட்பட்டவரே. கொவிட்டால் இறந்தோரைத் தகனமே செய்தல் வேண்டும் என 2020 ஏப்பிரலில் இலங்கை அரசு வர்த்தமானி வாயிலாக விதித்தது. அடக்கஞ் செய்யின் நிலத்தடி நீர்வழித் தொற்றுப் பரவும் என்பது காட்டப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் நெறியோ இரண்டையும் ஏற்றது. அடக்கஞ் செய்த நாடுகளும் பல கண்முன்னே இருந்தன. அவற்றை நோக்காது விதி நிலைநாட்டப்பட்டது. பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகப் பச்சிளங் குழந்தையின் உடலும் எரியூட்டப்பட்டது. 2021 பெப்புருவரியில் விதி மாற்றப்பட்டு, பின்னர் ஓட்டமாவடியில் அடக்கம் நிகழ்ந்தது. 2024 இல் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. தகனத்தையே மரபாகக் கொண்ட சைவ மக்களுக்கு அவ்விதி சுமையாய்த் தோன்றியிராது. தமக்குச் சுமையாகாத விதியைச் சான்று கேளாது ஏற்றல் எளிது. பிறர் சான்று கேட்குங்கால் அவரைப் பிடிவாதக்காரர் எனலும் எளிது. அறிவியலின் பெயரால் ஒருமுறை வருத்தப்பட்டவர், அடுத்து மெய்யான அறிவுரை வருங்கால் அதனையும் ஐயுறுவாராயின், குற்றம் அவர்மேல் மட்டும் நிற்பதன்று. உரையளவை ஏற்கப்படுவது உரைப்போனின் நம்பகத்தாலன்றோ?

ஆகவே, ஐயுறுவாரோடு வாதிடப் புகுவோர் தம் கூற்றின் அளவை மிகைப்படுத்தாது கூறுதல் வேண்டும். ஒப்பிடுதற்குரிய விபக்கத்தைக் காட்டுதல் வேண்டும். 'எச்சான்று கண்டால் நும் கொள்கையை விடுவீர்?' என எதிரியை வினவுமுன் தம்மையும் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடையுடையாரோடு வாதம் பயன்படும். விடையில்லாரோடு சொற்போரே எஞ்சும். பாடசாலைகளில் அளவை நூல் சமய பாடத்துக்கும் புள்ளிவிவரம் கணித பாடத்துக்கும் உரியனவாய்ப் பிரிந்து கிடக்கின்றன. 17 என்னும் எண்ணுக்கும் ஐந்து இலட்சம் என்னும் எண்ணுக்கும் இடையே நிகழ்ந்தது யாது என ஒரு மாணவன் விபக்க நெறியால் ஆராய்வானாயின், அடுத்த கொள்ளைநோய் வருங்கால் அவன் எளிதில் ஏமாறான். பிறரை ஏமாற்றவும் நாணுவான்.